மெத்வேழ்யா லாப்பா, ஒரு தரம்!

என் வீட்டுக்காரரைப் பார்த்து "கொஞ்சம் வாயை மூடுங்களேன்" என்று நான் சொல்லாத நாளே கிடையாது. அவர் காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுகிறவர். அங்கே அவருக்குப் பெயரே மைக்கு. மைக் இல்லாமலே சந்தையின் அந்தக் கோடி வரைக்கும் குரல் போகும். வீட்டுக்கு வந்தால் தொண்டை இறங்கும் என்கிறீர்களா? உப்பு டப்பா எங்கே என்று இவர் கேட்டால் பக்கத்து வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து கொடுப்பார்கள். நான் வாசல் அறையில் மெஷின் போட்டு ஜன்னல் திரை தைக்கிறவள். அளவு சொல்ல வருகிற பெண்கள் வந்த வேலையை மறந்துவிட்டு இவருடைய சந்தைக் கதைகளைக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

போன வருஷம் அவருக்கு மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. பிழைத்ததே பெரிய விஷயம். கால் திரும்பி வந்தது, கை முக்கால்வாசி வந்தது. நாக்குதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. புத்தி தெளிவாக இருக்கிறது, சொல்ல வேண்டிய வார்த்தையும் தெரிகிறது, வெளியே வரும்போது பாதி வழுக்கிவிடுகிறது. "பயப்படாதீங்கம்மா, பேசப் பேசத்தான் சரியாகும்" என்றார் டாக்டர். பேசச் சொல்லி இவருக்கா சொல்லித்தர வேண்டும் என்று நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சிரித்தேன். என் வாய் முகூர்த்தம், வேறென்ன சொல்ல!

வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் ஒரு வெங்காய வியாபாரிக்குத் தானாகவே போன் போட்டார். ஆசை ஆசையாக நாலு வார்த்தை பேசியிருப்பார். அந்தப் பக்கத்திலிருந்து, "என்னண்ணே, பகல்லயே ஏத்திட்டீங்களா?" என்று ஒரே சிரிப்பு. ஜென்மத்தில் ஒரு சொட்டுத் தொடாத மனுஷன் இவர். அந்த வியாபாரியைச் சொல்லியும் குற்றமில்லை, பாவம், விஷயம் தெரியாது. தெரிந்ததும் வீட்டுக்கே ஓடி வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஆனால் இவர் போனை வைத்தது வைத்ததுதான்.

அன்றிலிருந்து என்னிடம் மட்டும் ஒரு சொல், இரண்டு சொல். "தண்ணி." "போதும்." "ஃபேன்." வேறு யார் வந்தாலும் தலையாட்டல்தான். பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். படம் போட்ட அட்டைகளை நீட்டி, "எங்க, பழம் சொல்லுங்க பாப்போம், படம் சொல்லுங்க பாப்போம்" என்று கொஞ்சினாள். இவர் ஒவ்வோர் அட்டையாக வாங்கி வாங்கிக் கவிழ்த்து வைத்தார். அவள் செருப்பு மாட்டிக்கொண்டு போன பிறகு என்னைப் பார்த்து, "எல்கேஜி" என்றார். அன்றைக்கு முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது ஞாயிற்றுக்கிழமைதான். எங்களுக்கு ஒரே பெண், எங்கோ தூரத்தில் வேலை பார்க்கிறாள். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராப்பகலாகக் கூடவே இருந்தாள், அவருக்கு வாய் திறக்கும் முன்பே லீவு தீர்ந்து அழுதுகொண்டே போனாள். ஞாயிறு காலையில் வீடியோவில் கூப்பிடுவாள். போன் அடித்ததுமே இவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு கேமராவில் விழாத மூலைக்குப் போய்விடுவார். அவள் பேசுகிற ஒரு வார்த்தையையும் விட மாட்டார், காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். வாயை மட்டும் திறக்க மாட்டார். நான் "தூங்கறாருடி", "குளிக்கறாருடி" என்று புளுகிக்கொண்டிருப்பேன். ஒரு மனுஷன் எவ்வளவுதான் குளிப்பான்?

ஒரு தடவை அவள் கேட்டேவிட்டாள். "அப்பாவுக்கு என் மேல கோவமாம்மா? விட்டுட்டு வந்துட்டேன்னு நெனைக்கிறாரா?"

"சீ, பைத்தியம்! உன் மேல என்னடி கோவம்?"

"பின்ன ஏன் ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறாரு?"

நான் மூலையைப் பார்த்தேன். இவர் வேண்டாம், சொல்லாதே என்று கையை ஆட்டினார். ஏன் என்று எனக்கும் அப்போது புரியவில்லை. எரிச்சல்தான் வந்தது.

தக்காளி யோசனை அவள் கொடுத்ததுதான். கைக்கு வேலை இருந்தால் நல்லது என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, விதை விற்கிற ஓர் அம்மாளின் படங்களை எனக்கு அனுப்பி வைத்தாள். அந்த அம்மாள் பல வருஷம் ரஷ்யாவில் இருந்தவளாம். திரும்பி வரும்போது ஊர் உலகம் நகை நட்டு வாங்கி வரும், இவள் பெட்டி நிறையத் தக்காளி விதை கொண்டு வந்தாளாம். எல்லாம் அங்கே வீட்டுக்கு வீடு தலைமுறை தலைமுறையாக எடுத்து வைத்து விதைக்கிற பழைய ரகங்கள். கலப்பு கிடையாது. இந்த வருஷப் பழத்திலிருந்து விதை எடுத்து அடுத்த வருஷம் போட்டால் அச்சு அசல் அதே பழம் வரும்.

எங்கள் பால்கனியில் வெயில் விழுகிற பக்கம் ஆறு தொட்டிக்குத்தான் இடம். படங்களோ தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. மேஜை மேல் கிடந்த திரைத்துணியை ஒதுக்கிவிட்டு நடுவில் போனைச் சாய்த்து வைத்தேன். கீழ் வீட்டிலிருந்து என் கொழுந்தனும் வந்து சேர்ந்தான். எலக்ட்ரீஷியன். அவனை யாரும் கூப்பிட வேண்டியதில்லை, கல்யாணமானாலும் கருமாதியானாலும் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பான்.

"அண்ணி, இதப் பாருங்க! கருப்பா இருக்கு. இது தக்காளியா, கத்திரிக்காயா?"

"எதுவா இருந்தா உனக்கென்ன? எனக்கு இதோ, இந்தச் செவப்புதான் வேணும். உருண்டையா, கெட்டியா, பாக்கவே லட்சணமா இருக்கு."

இவர் கையை நீட்டிப் போனைத் தன் பக்கம் இழுத்தார். என் உருண்டையை ஒரே விரலால் தள்ளிவிட்டார். "பந்து" என்றார்.

"பந்தா? ஏன், பந்து மாதிரி இருந்தா என்ன?"

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். காம்பைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா, தோல் பளபளவென்று மெல்லிசாக இருக்கிறதா என்று ஆராய்ச்சி. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. சந்தைக்கு வருகிற தக்காளி லாரியில் குலுங்கிக் குலுங்கி வர வேண்டும், தோல் தடித்திருந்தால்தான் முழுசாக வந்து சேரும். மெல்லிய தோல்காரன் வழியிலேயே வெடித்துவிடுவான், ஏலத்தில் நிற்கவே மாட்டான். வாழ்நாள் பூராவும் தக்காளி விற்ற மனுஷனுக்கு, தன் கைக்கு வராத தக்காளி வேண்டுமாம்! சரி, ஆசைப்பட்டுவிட்டார், கெடுப்பானேன் என்று விட்டுக்கொடுத்தேன்.

ஆனால் சும்மா விடவில்லை. ஒரு தொட்டி என்னுடையது என்று அடம் பிடித்து ரோஜா நிறத்தில் ஒன்றை வாங்கிக்கொண்டேன். கழுகு மூக்குப்போல நுனி வளைந்த ஒன்றுக்காகக் கொழுந்தன் காலில் விழாத குறை. கருப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று. குளிர்தேசத்தில் சீக்கிரமே பழுக்கிற ஒன்று. கடைசியில் இவர் ஒரு படத்தில் நின்றுவிட்டார். கையகலம் இருக்கும், நாலைந்து மடிப்பு, கரடியின் பாதமாம் அது. பெயருக்கும் அதுதான் அர்த்தமாம். அதைக் கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

பிடித்ததைச் சொல்லி விதை கேட்டு அனுப்பினேன். அரை மணியில் அந்த விதைக்கார அம்மாளிடமிருந்து குரல் பதிவு வந்தது.

"எழுதி அனுப்பாதீங்கம்மா, வாயால சொல்லுங்க. ஒவ்வொரு பேரையும் நான் சொல்லி அனுப்பறேன், கேட்டுட்டு அதே மாதிரி சொல்லணும். பேரச் சொல்லத் தெரியாதவங்களுக்கு நான் வெதை குடுக்கறதில்ல. பேரு தெரியாம வாங்கிட்டுப் போறவங்க ஒரு மாசத்துல செடியையும் மறந்துடுவாங்க."

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. தக்காளி வாங்கப் பரீட்சையா? நானும் ஒரு கஸ்டமரிடம், திரைத்துணியின் பெயரைப் பிரெஞ்சில் சொன்னால்தான் தைத்துத் தருவேன் என்று சொல்லட்டுமா? கொழுந்தன்தான், "அண்ணி, கத்தாதீங்க, நான் ஒரே மூச்சுல முடிச்சுத் தரேன்" என்று போனை வாங்கினான்.

அந்த அம்மாள் அனுப்பிய முதல் பெயர், சீக்கிரம் பழுக்கிற அந்தக் குளிர்தேசத்துக்காரனுடையது, ஸிபீர்ஸ்கி ஸ்கரஸ்பேலி. இப்போது எழுதிவிட்டேன், அன்றைக்கு அது என் காதில் எண்ணெய் தெறிக்கிற சத்தமாகத்தான் விழுந்தது. நான் சொன்னேன். கொழுந்தன் சொன்னான். கரடிப் பாதத்தின் பெயர் மெத்வேழ்யா லாப்பா. அதை இவன், பஸ் கண்டக்டர் மாதிரி, "மெதுவா ஏறப்பா" என்று சொல்லி அனுப்பியே விட்டான். பதில் உடனே வந்தது.

"ஐயா, நீங்க கேக்கறது தக்காளியா, மருந்தா? ரெண்டு பேரும் வாயை இவ்வளவு தெறக்காதீங்க. அந்த மொழியில எல்லா எழுத்தையும் முழுசாச் சொல்ல மாட்டாங்க. ஒரு எடத்துலதான் அழுத்தம். மிச்சத்தப் பாதி முழுங்கிடணும்."

"முழுங்கணுமாம்! நான் இவள முழுங்கப் போறேன்" என்றேன்.

அப்போதுதான் பக்கத்தில் ஒரு சத்தம். திரும்பினால் இவர் சிரிக்கிறார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போக, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். எத்தனை மாசத்துக்கு அப்புறம்! நாங்கள் இரண்டு பேரும் வேண்டுமென்றே இன்னும் நாலு தடவை தப்பாகச் சொன்னோம், சிரிப்பு நிற்கக் கூடாது என்று.

கொழுந்தன் வேலைக்குப் போனான். நான் மெஷினில் உட்கார்ந்தேன். ஒரு திரைக்கு ஓரம் மடித்துத் தைத்து நிறுத்தியபோது இவர் முணுமுணுப்பது காதில் விழுந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, விரலால் நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டு, "ஸிபீர்ஸ்கி ஸ்கரஸ்பேலி. ஸிபீர்ஸ்கி ஸ்கரஸ்பேலி." ஏலத்தில் விலை ஏற்றுகிற அதே தாளம். விழுங்க வேண்டியதை நாக்கு தானாகவே விழுங்கிவிட்டது, அழுத்த வேண்டிய இடத்தில் தட்டு விழுந்தது. இப்படி ஒரு மொழி இருக்கிறதா என்று நான் அசந்துபோனேன். இவர் நாக்கில் எது பழுதோ அதையே முறை என்று வைத்திருக்கிறார்களே!

நான் யோசிக்கிற ஜாதி இல்லை. போனை எடுத்தேன், அமுக்கினேன், அவர் குரலைப் பிடித்தேன், அனுப்பிவிட்டேன்.

'டுப்' என்ற சத்தத்தில் அவர் திரும்பினார். என் கையைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது.

"ஏன்... அனுப்புன?"

"ஏதோ... நல்லா இருந்துதுங்க, அதான்..."

"என்... கொரல... ஏன் அனுப்புன?"

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த வெங்காயக்காரன் கேட்டதையே இந்த அம்மாளும் கேட்டுத் தொலைத்தால்? அவள் பேரில் தப்பு இருக்காது, ஆனால் இந்த மனுஷன் அதற்கப்புறம் என்னிடம்கூடப் பேச மாட்டார். இருக்கிற "தண்ணி", "ஃபேன்" கூட மிஞ்சாது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. பதில் வந்தபோது, கேட்காமலே அழித்துவிடலாமா என்று நினைத்தேன். அவர் திரும்பாமலே கையை மட்டும் நீட்டினார். போட்டேன்.

"இது யாரு? இவருதாங்க சரியாச் சொல்றாரு! பேலியில எப்படி நிக்கறாரு பாருங்க. எங்க பக்கத்து வீட்டுக்காரரு ஒருத்தரு அங்க இப்படித்தான் சொல்லுவாரு. அண்ணா, மிச்ச அஞ்சு பேரையும் நீங்களே சொல்லிடுங்க. இந்த அம்மாவச் சொல்ல விட்டீங்கன்னா எனக்கே ரஷ்யன் மறந்துடும்."

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் அந்தப் பதிவை இரண்டாம் தடவை போட்டார், மூன்றாம் தடவை போட்டார். சாப்பிட வாங்க என்று கூப்பிட்டேன், காதில் விழவில்லை.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடி முன்னால் ச்சோர்னி ப்ரின்ட்ஸ். அதுதான் அந்தக் கருப்பு. குளியலறையில் அர்லீனி க்ளூஃப். அது கழுகு மூக்கு. என் ரோஜா நிறத்துக்குத் தீக்கயா ரோஸா என்று பெயர், அதைக் கேட்டால் போதும், நான் பதில் குரல் கொடுப்பேன், அது ஒன்றுதான் எனக்கு வந்தது. கரடிப் பாதம்தான் படுத்தி எடுத்தது. மெத்வேழ்யாவின் நடுவில் வருவது நம் ழ-வுக்குப் பங்காளி முறை என்று விதைக்கார அம்மாள் சொல்லியிருந்தாள். நோய்க்குப் பிறகு இவருக்கு ழ போனது போனதுதான். பயிற்சிக்கு வந்த பெண் பழம் கேட்டபோது அட்டையைக் கவிழ்த்தாரே, அதுதான் காரணம். இப்போது அதே ழ-வுக்காக நாக்கை மடித்து மடித்துத் தொங்கவிடாத குறையாக உழைத்தார். அடுத்த முறை வந்த அந்தப் பெண் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு, "நான் இனிமே அட்டை கொண்டு வரல, இதையே நடத்துங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

ஆறு பெயரையும் சொல்லி முடித்தார், ஆறு விதையும் வந்தது. இவரும் விதைக்கார அம்மாளும் பதிவு மாற்றிப் பதிவு பேசிக்கொள்கிறார்கள். முளை வந்துவிட்டது என்பார் இவர், திக்கித் திக்கி. ரெண்டு இலை வந்ததும் மாத்தி நடுங்க என்பாள் அவள். நல்லதுதான். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் நாற்காலி பழையபடி மூலைக்குப் போகிறதே! மகள் "அப்பா என்னம்மா பண்றாரு?" என்கிறாள், நான் "குளிக்கறாரு" என்கிறேன். ஒரு ஞாயிறு எனக்குப் பொறுக்கவில்லை. போனை வைத்ததும் பிடித்துக்கொண்டேன்.

"முன்னப் பின்ன தெரியாத ஒரு பொம்பளைகிட்ட ரஷ்யன் பேசத் தெரியுது. பெத்த பொண்ணுகிட்டத் தமிழ் வர மாட்டேங்குதா? அவ என்ன பாவம் பண்ணா? வாரா வாரம் நான் பொய் சொல்லிச் சொல்லி என் நாக்கு அழுகிடும் போல இருக்கு!"

அவர் நாற்று மாற்றிக்கொண்டிருந்தார். மண் கையோடு நிமிர்ந்தார். ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"அந்தம்மாவுக்கு... என் பழைய கொரல்... தெரியாது. பாப்பாவுக்கு... தெரியும்."

நான் மெஷினுக்குப் போய் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அன்றைக்குத் தைத்த திரைக்கு மேல் மடிப்பைக் கீழே வைத்துத் தைத்து, மறுநாள் முழுக்கப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

செடிகள் நெஞ்சுயரம் வளர்ந்தன. என்னிடம் மிஞ்சிய திரை நாடாவைக் கிழித்துக் கிழித்துக் கம்பில் கட்டினார். இடக்கையால் பிடித்து வலக்கையால் முடிச்சு, முதலில் நான் போட்டுக் கொடுத்தேன், அப்புறம் என் கையைத் தட்டிவிட்டார். ஸிபீர்ஸ்கி முதலில் காய்த்தது, சின்னச் சின்னதாக, எங்கள் அவசரத்தில் அரைப்பழமாகவே தின்று தீர்த்தோம். கரடிப் பாதம் நிதானமாக வளர்ந்தது. ஒரு பழம் உப்பி, மடிந்து, சிவந்து, காம்படியில் லேசாகக் கீறல் விட்டது. இனிமேல் செடியில் நிற்காது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தானே பறித்துத் தட்டில் வைத்தார்.

மகள் கூப்பிட்டாள். நாற்காலி மூலைக்குப் போனது. கொழுந்தன் தட்டோடு கேமரா முன்னால் உட்கார்ந்துகொண்டான்.

"பாப்பா, பாத்தியா! உங்கப்பா வளத்தது. இப்ப இத ஏலம் விடப் போறேன், கேளு!"

"ஐயோ சித்தப்பா, எவ்ளோ பெருசு! படத்துல என்ன பேரு போட்டிருந்தது, மெட்வெஜா லப்பாவா?"

"ஏதோ ஒண்ணு. மெதுவா ஏறப்பா. கேளு, கேளு!"

"காசெல்லாம் இல்ல. லீவுதான் இருக்கு. ரெண்டு நாள் வந்து இருக்கேன்."

"ரெண்டு நாள்! ரெண்டு நாள் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு..."

"டேய்!"

வீடே அதிர்ந்தது. அந்த 'டேய்'யில் ஒரு வழுக்கல் இல்லை. கொழுந்தன் கையில் தட்டு ஆடியது. எங்கள் சந்தையில் ஒரு முறை உண்டு. சரக்கைத் தூக்கி மூன்று பக்கமும் காட்டி, பெயரை மூன்று தடவை சரியாகச் சொன்ன பிறகுதான் விலை கேட்கவே ஆரம்பிக்க வேண்டும். அதற்கு முன்னால் எவன் கேட்டாலும் செல்லாது. இவன் பெயரைத் தப்பாகச் சொன்னான், சரக்கைக் காட்டவே இல்லை, ஒற்றை ஆள் கேட்டதும் முடிக்கப் பார்த்தான். இவர் கண் முன்னால் கொலை நடந்தால்கூடப் பொறுப்பார், இதைப் பொறுக்க மாட்டார்.

"பேரு... மூணு வாட்டி... சொன்னியா? எந்திரி."

இவர் எழுந்து வந்தார். தம்பியை ஒதுக்கிவிட்டுக் கேமரா முன்னால் உட்கார்ந்தார். மகள் முகத்தைப் பார்க்கவில்லை, பழத்தை மட்டும் பார்த்தார். இரண்டு கையாலும் தூக்கினார். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார், அடிப்பக்கத்தைக் காட்டினார்.

"மெத்வேழ்யா லாப்பா."

வந்துவிட்டது. நான் மூச்சு விட்டேன்.

"மெத்வேழ்யா லாப்பா."

மூன்றாவதில் சிக்கிக்கொண்டது. "மெத்... மெத்..." என்று நாக்கு முட்டியது. உதடு இழுத்தது. நெற்றியில் வேர்த்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன், கொழுந்தன் என் கையைக் கிள்ளினான். போனில் மகள் ஒரு வார்த்தை எடுத்துக்கொடுக்கவில்லை. கண்ணிலிருந்து வழிகிறது, துடைக்கவும் இல்லை, அசையாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமோ தெரியாது.

"மெத்வேழ்யா... லாப்பா. இப்ப... கேக்கலாம்."

"ரெண்டு நாள்ப்பா" என்றாள் அவள்.

அவர் தலையை ஆட்டினார். "பத்தாது. இது... லாரில ஏறாது. தோலு... மெல்லிசு. இங்க வந்துதான்... திங்கணும். மேல... கேளு."

"நாலு நாள்."

"நான் ஒரு வாரம் கேக்கறேன்!" என்றான் கொழுந்தன்.

"நீ... கீழ் வீட்டுலதானடா... இருக்க? ஒக்காரு."

"ரெண்டு வாரம்ப்பா. லீவு குடுத்தாலும் வருவேன், குடுக்கலைன்னாலும் வருவேன்."

"ரெண்டு வாரம்... ஒரு தரம்." என் பக்கம் திரும்பினார், நீ கேட்கிறாயா என்று. நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். "ரெண்டு வாரம்... ரெண்டு தரம்." கொழுந்தனைப் பார்த்தார். அவன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். "மூணு தரம்!" என்று மேஜையில் ஓர் அடி அடித்தார். என் கத்திரிக்கோல் துள்ளிக் கீழே விழுந்தது.

அப்போதுதான் மகள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அவளும் இவரைப் பார்த்தாள்.

"அப்பா, என் மேல கோவம் இல்லயே?"

"ஒம்மேலயா? என்... நாக்கு மேல. இப்படி... பேசறனே... கேட்டா நீ... அழுவியேன்னு."

"அழறேன்தான். அழுதுக்கிட்டே கேக்கறேன். நீங்க பேசுங்கப்பா."

அவர் பழத்தைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிப்பா, களைப்பா இருக்கும். ஒரே நாள்ல நெறையப் பேசிட்டீங்க. வெக்கட்டுமா?" என்றாள்.

இவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்து பால்கனிப் பக்கம் நடந்தார்.

"வெக்காத, கண்ணு. இன்னும்... அஞ்சு செடி... இருக்கு."